‘என்னவாக வரப்போகிறாய்?’ என்று கேட்பதற்கு முன்

யாழ்ப்பாணத்தில் 15 வயதுப் பிள்ளை ஒருவரைக் காணும் பெரியவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான்: உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு எடுக்கப் போகிறாய், படித்து என்னவாக வரப் போகிறாய். கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் கனடாவிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பிலும் இதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், பிள்ளைகளும் பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். ‘பயோ, டொக்டர்.’ ‘மற்ஸ், எஞ்சினியர்.’ அதற்கு மேல் ஒரு கேள்வி, அதாவது ஏன் அந்த வேலை, அதை யாருக்காகச் செய்ய விரும்புகிறாய் என்று கேட்டால், மிகவும் கெட்டிக்காரப் பிள்ளைகள்கூடத் தடுமாறிப் போவதைக் கண்டிருக்கிறேன். வலிகாமத்துப் பாடசாலைகளில் 28 ஆண்டுகள் கற்பித்து, அவற்றில் கடைசி 11 ஆண்டுகள் தொழில் வழிகாட்டலையும் பொறுப்பேற்றுச் செய்தவள் நான். அந்தத் தடுமாற்றம் பிள்ளையின் குறை என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. அந்தக் கேள்வியை அதற்கு முன் அவர்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

கட்டிளம் பருவத்துப் பிள்ளையின் மனத்தில் வாழ்வின் நோக்கம் வேர்கொள்ள வீட்டிலும் வகுப்பறையிலும் ஊரிலும் என்ன செய்யலாம் என்பதை, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும், பிள்ளை மனம்விட்டுப் பேசக்கூடிய மாமா, சித்தி, அண்ணா, அக்கா ஆகியோருக்கும் உதவும் விதத்தில் இங்கே எழுதுகிறேன்.

இலக்கும் நோக்கமும்

அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் வில்லியம் டேமன், தம் சகாக்களோடு 2003 இல் எழுதிய கட்டுரையொன்றில் நோக்கத்துக்குக் கொடுத்த வரைவிலக்கணம் இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. அதன் சாரத்தை நம் மொழியில் சொல்வதானால், தனக்குப் பொருளுள்ளதும் தன்னைத் தாண்டிய உலகுக்குப் பயன் தருவதுமான ஒரு காரியத்தைச் செய்துமுடிக்க வேண்டும் என்று மனத்தில் நிலைத்து நிற்கும் எண்ணமே நோக்கம். ‘நிலைத்து நிற்கும்’ என்பதையும் ‘தன்னைத் தாண்டிய’ என்பதையும் இரண்டு தரம் வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் நாம் பிள்ளைகளுக்கு வைக்கும் இலக்குகளில் பெரும்பாலும் இல்லாதவை இவ்விரண்டுமே.

5ஆம் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரத்தில் 9 ஏ, உயர்தரத்தில் 3 ஏ ஆகியவை இலக்குகள். அவை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் பெறுபேறு வெளியாகும் நாளோடு இலக்கின் வேலை தீர்ந்துவிடுகிறது. மருத்துவ பீடத்துக்குத் தெரிவான மாணவி ஒருத்தி, வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு தனியே என்னிடம் வந்து, ‘ரீச்சர், இனி நான் என்னத்துக்குப் படிக்கிறது?’ என்று கேட்டாள். பல ஆண்டுகளாக அவளை விடிய நாலரைக்கு எழுப்பிவிட்ட இலக்கு அன்றைய காலையோடு முடிந்திருந்தது. அவளுக்கு அப்போது நான் சொன்ன பதில் போதுமானதாக இருக்கவில்லை என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

டேமனின் ஆய்வுக் குழு சந்தித்த 12 முதல் 22 வயது வரையான அமெரிக்க இளையோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடமே தெளிவான நோக்கம் இருந்தது. அந்தக் கணக்கை நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் நோக்கம் தெளிந்திருக்கவில்லை என்றால் அது அச்சப்பட வேண்டிய செய்தியன்று என்பதை அதிலிருந்து அறிந்துகொள்ளலாம். கெண்டல் கொட்டன் புரொங்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: இளம் வயதில் நோக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பவர்களிடம் வாழ்க்கைத் திருப்தியும் கூடுதலாகக் காணப்பட்டது, ஆனால் நடு வயதில் தேடுபவர்களிடம் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. ஆகவே பெற்றோர் கவலைப்பட வேண்டியது, பிள்ளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்பதற்காக அல்ல. தேடுவதற்கு அதற்கு ஒரு மணி நேரம்கூட மிஞ்சாத விதத்தில் கிழமை முழுவதையும் ரியூசனால் நிரப்பிவிட்டோமா என்பதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

இன்று 14, 15 வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்களில் பலர் 1990களில் மாணவர்களாக இருந்தவர்கள். மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். 1995 ஒக்ரோபர் 30 அன்று போரினால் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, மழையில் நனைந்த புத்தகப் பையோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தவர்கள். அந்த நாட்களில் படிப்பு எதற்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, ஏனெனில் குடும்பம் பிழைத்துக் கிடக்க வேண்டும் என்பதே போதிய காரணமாக இருந்தது. இன்றைய பிள்ளைக்கு அந்தக் காரணம் கையில் இல்லை. கைபேசியோடு சாய்ந்திருக்கும் மகனைப் பார்த்து ‘நாங்கள் விளக்கிலை படிச்சனாங்கள், உனக்கு என்ன குறை?’ என்று கேட்கும்போது, தந்தையின் மனத்தில் இருப்பது ஏக்கம். ஆனால் மகனின் காதில் விழுவது குற்றச்சாட்டு.

அதே கதையை வேறு விதமாகச் சொல்லலாம். நீங்கள் அப்போது எதற்கு ஆசைப்பட்டீர்கள், அது யாருக்காக, அது நிறைவேறாமற் போனதென்றால் எதனால், அதன் பிறகு எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள் என்பவற்றைச் சொல்லுங்கள். என் அறையில் மகளோடு வந்திருந்த தாயொருவர், சாவகச்சேரியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்த நாட்களில் தம்மைவிடச் சிறிய பிள்ளைகளை இருத்திக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததையும், அப்போதுதான் ஆசிரியையாக வேண்டும் என்று எண்ணியதையும், வீட்டு நிலைமையால் அது கைகூடாமல் இப்போது கடையொன்றில் வேலை செய்வதையும் முதன்முறையாகச் சொன்னார். மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, ‘இதை ஏன் அம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?’ என்று மட்டும் கேட்டாள். நிறைவேறிய கதைகளை விட நிறைவேறாத கதைகளைப் பிள்ளைகள் கூர்ந்து கேட்கிறார்கள் என்பது என் அனுபவம். ஆனால் ஒரு எச்சரிக்கை: கதையின் முடிவில் ‘அதனாலைதான் நீ எண்டாலும் வரவேணும்’ என்று ஒரு வசனத்தைச் சேர்த்துவிட்டால் கதை கடனாகிவிடும்.

இரண்டு கிழமை பார்த்து எழுதுங்கள்

ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிழமைக்குப் பிள்ளைக்கு எந்த அறிவுரையும் சொல்லாமல், நான்கு விடயங்களை மட்டும் கவனித்து ஒவ்வொரு நாளும் இரண்டு வரி எழுதுங்கள். எதைச் செய்யும்போது பிள்ளைக்கு நேரம் போவது தெரிவதில்லை? எந்த அநியாயத்தைக் கண்டால் கோபம் வருகிறது? யார், எதற்காக உதவி கேட்டு அதனிடம் வருகிறார்கள்? யாரும் சொல்லாமல் தானாகச் செய்வது என்ன?

மூன்றாவது கேள்வியைப் பெற்றோர் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு அம்மம்மா தன் கைபேசியைத் திருத்தித் தரும்படி உங்கள் மகனைத்தான் கூப்பிடுகிறார் என்றால், சகோதரர்களுக்குள் சண்டை வந்தால் உங்கள் மகளிடம்தான் வழக்கு வருகிறது என்றால், ஊர் ஏற்கனவே பிள்ளையிடம் ஏதோ ஒன்றைக் கண்டுவிட்டது என்று பொருள். இரண்டாவது கேள்விக்கான விடையும் அதே அளவு பெறுமதியானது. தெருநாயை அடிப்பவனைக் கண்டு துடிக்கும் பிள்ளையும், வகுப்பில் திக்கிப் பேசுபவனைப் பகிடி பண்ணுவதைப் பொறுக்காத பிள்ளையும், கடற்கரையில் பிளாஸ்ரிக் குவிவதைப் பார்த்துச் சினக்கும் பிள்ளையும் தத்தம் நோக்கத்தின் திசையைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கோபத்தை ‘உனக்கேன் இந்த வேலை’ என்று அடக்கிவிட வேண்டாம்.

முக்கால் மணி நேரப் பேச்சு

மத்தியு பண்டிக் என்ற ஆய்வாளர் 2011 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் சிலரோடு அவர்களுடைய வாழ்வின் நோக்கத்தைப் பற்றி ஏறத்தாழ 45 நிமிடங்கள் உரையாடப்பட்டது. வேறு சிலரோடு அவ்வாறு உரையாடப்படவில்லை. ஒன்பது மாதங்களுக்குப் பிறகு பார்த்தபோது, உரையாடலில் பங்குபற்றியவர்களிடம் இலக்கை நோக்கிச் செல்லும் உறுதியும் வாழ்க்கைத் திருப்தியும் கூடியிருந்தன. அந்த உரையாடலில் யாரும் அறிவுரை வழங்கவில்லை. கேள்வி கேட்டார்கள், பதிலைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

நம் வீடுகளில் அந்த 45 நிமிடத்துக்குச் சாப்பாட்டு மேசை பொருத்தமான இடம் அல்ல. முகத்துக்கு முகம் இருக்கும்போது பிள்ளை விசாரணைக்கு வந்ததுபோல் உணர்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போதும், வெங்காயம் உரிக்கும்போதும், மோட்டார் சைக்கிளில் பருத்தித்துறை வரை போய்வரும்போதும், கைகளுக்கு வேலையும் கண்களுக்கு வேறு காட்சியும் இருப்பதால் வாய் இலகுவில் திறக்கும். ‘உன் வாழ்க்கையிலே உனக்கு முக்கியமான ஆக்கள் ஆர், ஏன்?’ என்று தொடங்கலாம். ‘எங்கட ஊரிலை ஒண்டை மாத்தலாம் எண்டால் எதை மாத்துவாய்?’ என்பது நான் கேட்டவற்றுள் மிகவும் பயன் தந்த கேள்வி. ‘நாற்பது வயசிலை உன்னைப் பற்றி ஆக்கள் என்ன சொல்லவேணும் எண்டு விரும்புறாய்?’ என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு ‘ஏன்?’ என்று ஒரு தரமும், ‘அதாலை ஆருக்கு என்ன நன்மை?’ என்று ஒரு தரமும் கேட்டால் போதும். மூன்றாந்தரம் கேட்டால் பிள்ளைக்கு அலுப்பு வரும்.

அந்த நேரத்தில் நீங்கள் விலக்க வேண்டியவை இரண்டு. பெரியம்மாவின் மகனோடு ஒப்பிடுவது ஒன்று. பிள்ளை சொன்ன பதிலின் சம்பளத்தைக் கணக்கிட்டுச் சொல்வது மற்றொன்று. ‘தெரியேல்லை’ என்பதும் பதில்தான். அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தீர்களானால், வீடு திரும்பிப் படலையைத் திறக்கும் நேரத்தில் உண்மையான பதில் வருவதுண்டு.

தொழிலும் நோக்கமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதை இந்தப் பேச்சில் எங்காவது ஓரிடத்தில் சொல்லிவையுங்கள். சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னையில் அரசாங்கப் பதவி வகித்தார், பின்னர் சட்டம் பயின்று புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். அவை அவருடைய தொழில்கள். கறையானுக்கும் காலத்துக்கும் இரையாகிக்கொண்டிருந்த ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பிடித்து, ஒப்பிட்டு, கலித்தொகை முதலானவற்றை அச்சேற்றியதுதான் அவருடைய நோக்கம். மருத்துவராக வேண்டும் என்று சொல்லும் பிள்ளைக்கு, 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீனின் கதையைச் சொல்லலாம். மருத்துவ அறிவு இந்த மக்களின் மொழியில் இருக்க வேண்டும் என்று எண்ணித் தமிழிலேயே மருத்துவ நூல்களை வெளியிட்டவர் அவர். ‘எந்த நோயாளிக்கு, எங்கை இருக்கிற ஆக்களுக்கு நீ டொக்டராகப் போறாய்?’ என்ற கேள்வி அந்தக் கதைக்குப் பிறகு தானாகவே எழும்.

காத்திருக்கும் ஒருவர் வேண்டும்

பேச்சு வாசலைத் திறக்கும். நோக்கம் வளர்வது வேலையில். இதுவரை சொன்னவற்றுள் எதையும் செய்ய இயலாமற் போனாலும் இந்த ஒன்றையாவது செய்யுங்கள் என்று பெற்றோரிடம் நான் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்: கிழமைக்கு இரண்டு மணி நேரம், குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவருக்குப் பயன்படும் வேலையொன்றைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். பிள்ளை போகாவிட்டால் யாராவது ஒருவர் ‘ஏன் இண்டைக்கு வரேல்லை?’ என்று தேட வேண்டும். அப்படித் தேடப்படும் அனுபவம்தான் கட்டிளம் பருவத்தில் ஒருவருக்குத் தான் தேவைப்படுகிறேன் என்ற உணர்வைத் தருகிறது. வீட்டில் பிள்ளை தேவைப்படுவது குறைந்துவிட்டது. கடைக்குப் போவதையும் தண்ணீர் அள்ளுவதையும் கூட, படிப்புக் கெட்டுவிடும் என்று நாமே பறித்துக்கொண்டோம்.

ஒவ்வோர் ஊரிலும் சனசமூக நிலையம் இருக்கிறது. பல இடங்களில் அது பத்திரிகை வாசிக்க மட்டும் திறக்கப்படுகிறது. அங்கே சனிக்கிழமை மாலையில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரை இருத்தி வாசிக்கப் பழக்கும் பொறுப்பைப் பத்தாம் வகுப்பு மாணவியிடம் கொடுக்கலாம். பிரதேச செயலகத்துப் படிவங்களையும் இணையவழி விண்ணப்பங்களையும் நிரப்பத் தெரியாமல் அலையும் முதியவர்கள் எல்லாக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிழமைக்கு ஒருநாள் உதவுவதற்குக் கைபேசியில் கெட்டிக்காரனான ஒரு பையன் போதும். நல்லூர் மகோற்சவத்தின் 25 நாட்களில் முதலுதவித் தொண்டுக்குச் சாரணரும் முதலுதவிப் படையினரும் தேவைப்படுகிறார்கள். மாரி தொடங்கும் காலத்தில் பனம் விதை நடுகை நடக்கிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் மின்வருடி எவரும் இலவசமாக வாசிக்கும்படி வைத்திருக்கிறது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட கதையைப் பாட்டனாரிடமிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, வீட்டுப் பரணில் இருக்கும் பழைய மலரொன்றைத் தூசு தட்டிப் பாதுகாத்துக் கொடுப்பதும் ஒரு தொடக்கமாகலாம்.

வேலையைத் தெரிவுசெய்யும்போது நீங்கள் எழுதிய கொப்பியைத் திறந்து பாருங்கள். கூச்சமுள்ள பிள்ளையை மேடைக்கு அனுப்ப வேண்டாம். மூன்று மாதம் செய்து பார்த்துவிட்டு வேறொன்றுக்கு மாறவும் பிள்ளைக்கு உரிமை இருக்கட்டும், ஆனால் மூன்று மாதத்துக்கு முன் விட்டுவிட அனுமதிக்க வேண்டாம். முதல் ஆறு கிழமையில் வரும் அலுப்பு எந்த நல்ல வேலையிலும் வரும்.

இதில் நான் கடுமையாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. தொண்டு செய்யும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடுவதும், ஒவ்வொரு நாளுக்கும் சான்றிதழ் வழங்குவதும் நம்மிடையே பெருகிவிட்டன. சான்றிதழுக்காகத் தொடங்கும் வேலை சான்றிதழோடு முடிந்துவிடுவதால், அதுவும் இன்னொரு இலக்காகிவிடுகிறது. உதவி பெறும் முதியவருக்கும் அது மரியாதைக் குறைவு. முதல் மூன்று மாதத்துக்குப் படமும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம் என்று நிலைய நிர்வாகத்திடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கூட இருக்கும் வளர்ந்தவரும் முக்கியமானவர். பெற்றோர் சொன்னால் எரிச்சலூட்டும் ஒரு வார்த்தை, பிள்ளை மதிக்கும் மூன்றாமவர் சொல்லும்போது மனத்தில் இறங்குகிறது. வாசிகசாலைப் பொறுப்பாளரோ, ஊர்த் தாதியோ, மரவேலை செய்பவரோ, பயிற்றுநரோ, தன் வேலையை விரும்பிச் செய்யும் ஒருவர் இருந்தால் போதும். அவரிடம் பிள்ளையை ஒப்படைக்கும்போது, ‘இவனுக்குப் புத்தி சொல்லுங்கோ’ என்று சொல்லாமல், ‘உங்களுக்கு உதவிக்கு வைச்சிருங்கோ’ என்று சொல்லுங்கள்.

பாடத்தோடு முடிச்சுப் போடுதல்

டேவிட் யேகர் முதலானோர் 2014 இல் வெளியிட்ட ஆய்வுகளில், கற்பதால் தான் மட்டுமன்றிப் பிறரும் எவ்வாறு பயனடைவர் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைச் சிந்திக்கவைத்து எழுதச்செய்த ஒரு குறுகிய பயிற்சி, அடுத்த மாதங்களில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் அவர்களுடைய பெறுபேற்றை உயர்த்தியது. நோக்கத்தைப் பற்றிப் பேசினால் படிப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் மண்ணிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கித் தேங்குவதைத்தான் கிணற்றிலிருந்து அள்ளிக் குடிக்கிறோம். தோட்டங்களுக்குப் போடும் பசளையிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று அதே நீரில் கலக்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலிகாமத்துச் செம்மண் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் அந்த அளவைத் தாண்டியிருக்கின்றன. அந்த நீரில் கரைத்த பாலைக் குடிக்கும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் திறனை இழக்கலாம். இதை அறிந்த பிறகு இரசாயனவியல் பாடத்தில் அயன்களைப் படிக்கும் மாணவனுக்கும், மனப்பாடம் செய்து எழுதும் மாணவனுக்கும் இடையே நான் கண்ட வேறுபாடு பெரிது. ஒவ்வோர் ஆசிரியரும் தவணைக்கு ஒரு பாடத்தையாவது இவ்விதம் ஊரோடு முடிந்துவைத்தால், பாடத்திட்டத்தில் ஒரு பக்கமும் குறைந்துவிடாது.

பிரிவைத் தெரிவுசெய்யும் காலமும் பெறுபேறு வரும் நாளும்

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள சில மாதங்கள், பள்ளி வாழ்வில் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரே நீண்ட இடைவெளி. பரீட்சை முடிந்த மறுகிழமையே உயர்தர வகுப்புக்குப் பணம் கட்டிவிடாமல், குறைந்தது ஒரு மாதத்தை மேலே சொன்ன வேலைகளுக்கு விடுங்கள். பிரிவைத் தெரிவுசெய்யும்போது பெறுபேற்றுத் தாளை மட்டும் பார்ப்பது பெரிய தவறு, அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். 9 ஏ எடுத்த மாணவன் ஒருவனைக் கணிதப் பிரிவுக்குப் போகும்படி அவனுடைய தந்தையோடு சேர்ந்து நானும் வற்புறுத்தினேன். இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுவதில்தான் அவனுடைய உயிர் இருந்தது என்பது எனக்குத் தெரியாததன்று. தெரிந்தும் அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கினேன். இரண்டாம் ஆண்டில் அவன் பாடசாலைக்கு வருவதை நிறுத்தினான். இப்போது தோட்டக்காரரின் நீர்ப்பம்பிகளைத் திருத்திக் கொடுக்கிறான், நன்றாகவும் இருக்கிறான். ஆனால் அந்த இடத்துக்கு அவன் வந்து சேர எடுத்த ஆறு ஆண்டுகளில் சிலவற்றுக்கு நான் பொறுப்பு.

உயர்தரப் பெறுபேறு வரும் நாளைக்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருங்கள். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கான அரச பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. ஆகவே உங்கள் பிள்ளையின் இடம் அந்த ஆண்டில் தோற்றிய மற்றவர்களின் இசட் புள்ளிகளிலும் தங்கியிருக்கிறது. தகுதி பெற்றவர்களில் பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழக இடம் கிடைப்பதில்லை. இந்த உண்மையைப் பரீட்சைக்கு முன்பே, பதற்றமில்லாத ஒரு நாளில் பிள்ளையோடு பேசுங்கள். ‘ஆக்களுக்கு வருத்தம் வந்தால் பார்க்கவேணும்’ என்ற நோக்கத்தை முன்னரே கண்டுகொண்ட பிள்ளைக்குத் தாதியியலும் மருந்தாளர் துறையும் இயன்மருத்துவமும் சித்த மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் திறந்திருக்கும் வழிகள். ‘டொக்டர்’ என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்திருந்த பிள்ளைக்கு அன்று எல்லா வழியும் அடைபட்டதாகத் தோன்றும். ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழிற் தகைமை முறையில், தொழிற்பயிற்சியில் தொடங்கிப் பட்டத்துக்கு நிகரான மட்டம் வரை ஏற முடியும் என்பதையும் அறிந்துவைத்திருங்கள். அதைத் தோற்றவர்களுக்கான கதவாகச் சொல்லிச் சொல்லித்தான் நல்ல கைவினைஞர் பலரை இழந்துவிட்டோம்.

மூன்று கடினமான நிலைகள்

‘வெளிநாடு போகவேணும்’ என்பதே பிள்ளையின் ஒரே பதிலாக இருந்தால் சினக்க வேண்டாம். கடனும் வேலையின்மையும் உள்ள வீட்டில் அது நியாயமான எண்ணம். போய்ச் சேர்ந்த பின் அங்கே எதைச் செய்வாய், யாருக்குச் செய்வாய் என்று பேச்சைத் தொடருங்கள். விசாவுக்காகக் காத்திருக்கும் ஆண்டுகள் வெறுமையாகப் போகாமல் இருக்க அந்தப் பேச்சு உதவும்.

தந்தை இல்லாத வீட்டில் மூத்த பிள்ளைக்கு நோக்கம் ஏற்கனவே இருக்கிறது, சில வேளைகளில் அதன் தோளுக்கு மீறியதாக. அந்தப் பொறுப்பைப் புகழ்ந்து பேசுவதோடு நின்றுவிடாமல், கிழமையில் ஒரு மாலையாவது அந்தச் சுமையைப் பெரியவர் ஒருவர் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் பிள்ளைக்கு விளையாட்டு மைதானம்தான் மருந்து.

மூன்றாவது நிலையைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. முன்பு விரும்பிச் செய்தவை எல்லாவற்றிலும் பிடிப்பு அற்று, நித்திரையும் சாப்பாடும் குழம்பி, இருந்து என்ன பயன் என்ற பேச்சு இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தால், அது நோக்கமின்மை அன்று, நோயாக இருக்கலாம். சாக வேண்டும் என்ற சொல் ஒருமுறை வந்தாலும் இரண்டு கிழமை காத்திருக்க வேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். எந்த நேரத்திலும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். அந்த நேரத்தில் இந்தக் கட்டுரையில் உள்ள பயிற்சிகள் எதையும் பிள்ளை மேல் திணிக்க வேண்டாம்.

கொப்பியின் அடுத்த பக்கம்

ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேளுங்கள். புதிய பக்கத்தில் திகதியிட்டு எழுதுங்கள். பழைய பக்கத்தைக் காட்டி ‘அண்டைக்கு இப்பிடிச் சொன்னாயே’ என்று மடக்க வேண்டாம். பதில் மாறியிருந்தால் ஏன் மாறியது என்று மட்டும் கேட்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒன்று, சாதாரண தரத்துக்குப் பின் ஒன்று, உயர்தரத்தின் நடுவில் ஒன்று என்று நான்கைந்து பக்கங்கள் சேர்ந்த பிறகு, பிள்ளை வீட்டை விட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ போகும் நாளில் அந்தக் கொப்பியைப் பையில் வைத்துவிடுங்கள். என் மூத்த மகளுக்கு அப்படி வைத்துவிட்டேன். ஒரு கிழமை கழித்துத் தொலைபேசியில் பேசியபோது, கொப்பியின் கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருப்பதாகவும், அவற்றைத் தானே எழுதத் தொடங்கியிருப்பதாகவும் சொன்னாள்.